நான்காவது நிபந்தனை

யாராவது ரசீது நீட்டினால் நான் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன். முன்பக்கத்தில் பேர், தேதி, தொகை இருக்கும். அது வாங்குகிறவருக்காக எழுதியது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பது, கொடுக்கிறவர் தனக்காக எழுதிக்கொண்டது. தருமபுரியில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகப் பில் புத்தகம் அடித்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஊர் ரசீதுகளின் பின்பக்கத்தை என்னைவிட அதிகமாகப் படித்தவர்கள் இரண்டு மூன்று வக்கீல்கள் இருந்தால் உண்டு.

தொழிலால் வந்தது பாதி, பிறவியிலேயே வந்தது மீதி. எனக்குச் சந்தேக புத்தி. பால் பாக்கெட்டில் தேதியைப் பார்த்த பிறகும் மோந்து பார்ப்பேன். ஆட்டோக்காரர் அதிகமாகக் கேட்டால் சண்டை போடுவேன். நியாயமாகக் கேட்டால்தான் எனக்குப் பயம். "கோயில்ல விபூதி குடுத்தாக்கூட நீ திருப்பிப் பாப்ப" என்பார் என் வீட்டுக்காரர். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. சொந்தபந்தத்தில் ஏமாறாதவள் என்று எனக்குப் பெயர். இடம் வாங்கினாலும் சம்பந்தம் பேசினாலும் காகிதத்தை ஒரு தடவை என் கடையில் கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் மேற்கொண்டு நகர்வார்கள்.

பில் புத்தகம் அடிக்கும் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் புதிதாக எழுதிக்கொண்டு வருவதில்லை. தீர்ந்துபோன புத்தகத்தின் அட்டையைக் கொண்டுவந்து போட்டு, "இதே மாதிரிங்க, நம்பர் மட்டும் தொடர்ச்சியாப் போட்டுருங்க" என்பார்கள். நானும் போன வருஷத்து ஃபைலைத் திறந்து எண்ணை மாற்றி அடித்துக் கொடுத்துவிடுவேன். வாடகை, கூலி, கட்டணம் என்று பணம் வாங்குவதைச் சொல்கிற வரி எதுவோ அதை மட்டும் வருஷா வருஷம் மாற்றச் சொல்வார்கள். பொருள் தொலைந்தால், கெட்டால், உடைந்தால் இவ்வளவுதான் தருவோம் என்கிற வரி மட்டும் அப்படியே கிடக்கும். அதை மாற்றச் சொல்லி என்னிடம் வந்தவர் ஒருவரும் இல்லை. ஒரு வண்டி நிறுத்தத்து டோக்கனில் 'வண்டி தொலைந்தால் எங்கள் பொறுப்பு ரூபாய் இருநூற்றைம்பதுக்கு மிகாது' என்று இன்னமும் அடிக்கிறேன். அந்த வரி எழுதிய காலத்தில் அங்கே நின்றவை சைக்கிள்கள். இப்போது நிற்கிற பைக் ஒவ்வொன்றும் லட்சம் ரூபாய். டோக்கன் கட்டணம் இரண்டு ரூபாயிலிருந்து இருபதுக்கு வந்துவிட்டது, இருநூற்றைம்பது மட்டும் அசையவில்லை. விலைவாசி எல்லா வரியிலும் ஏறும், அந்த ஒரு வரியில் மட்டும் ஏறாது என்று நான் கடையில் சொல்லிச் சிரிப்பதுண்டு. சிரித்ததோடு சரி. வாடிக்கையாளர் காகிதத்தில் நான் ஏன் தலையிட வேண்டும்?

அப்படி வருஷா வருஷம் அடித்த ஒன்றுதான் ஊருக்கு வெளியே இருக்கிற ஒரு கோல்டு ஸ்டோரேஜின் ரசீது. புளிக்காகவே கட்டியது. கொட்டை எடுத்த புளி வெளியில் கிடந்தால் மழைக்காலத்துக்குள் கறுத்துவிடும். கறுத்தால் பாதி விலை. குளிரில் வைத்தால் சிவப்பு அப்படியே நிற்கும், ஐப்பசி கார்த்திகையில் விலை ஏறும்போது எடுத்து விற்கலாம். மாசி, பங்குனியில் புளி தட்டிக் கொட்டை எடுத்து முடித்ததும் மூட்டைகள் அங்கே போய்விடும். மூட்டைக்கு ஒரு ரசீது இல்லை, ஆளுக்கு ஒன்று. அதன் பின்பக்கத்தில் ஏழு நிபந்தனைகள். நான்காவது இது: 'மின்தடை, இயந்திரக் கோளாறு முதலிய காரணங்களால் சரக்கு பழுதடைந்தால் எங்கள் பொறுப்பு மூட்டை ஒன்றுக்கு ரூபாய் ஐந்நூறுக்கு மிகாது.' பழைய முதலாளி அதை எழுதிய நாளில் ஒரு மூட்டை புளியின் விலையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். கெட்டுப்போனால் முழு விலை தருகிறேன் என்றுதான் அந்த மனிதர் எழுதியிருக்கிறார். இன்றைக்கு மூட்டை ஐயாயிரத்துக்கு மேல் போகிறது. வரி அதேதான்.

அங்கே மூட்டை போடுகிறவர்களில் என் அக்காவும் ஒருத்தி. எனக்கு நாலு வயது மூத்தவள். ஏரியூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தது. மாமா காலமாகிவிட்டார். புளியமரங்களைக் குத்தகைக்கு எடுத்து, உலுக்கி, பெண்களை வைத்துத் தட்டி, மூட்டை கட்டி விற்பது அவள் பிழைப்பு. யார் யார் மரத்தையோ குத்தகைக்கு எடுத்தவளுக்குச் சொந்த மரம் ஒன்றுகூடக் கிடையாது. அவள் வீட்டை ஒட்டியே பன்னிரண்டு மரம் இருக்கிறது. அது கொழுந்தன் பாகம். அவர் ஓசூரில் வீடு கட்டப் போகிறார், அந்தப் பாகத்தை விற்கிறார். தீபாவளிக்குள் பணம் கொடுத்தால் அண்ணிக்கே தருகிறேன், இல்லையென்றால் வெளியாளுக்கு என்று சொல்லியிருந்தார். அக்கா கையில் பாதிப் பணம் சேர்ந்திருந்தது. மீதிக்கு அவள் நம்பியிருந்தது அந்த வருஷம் ஸ்டோரேஜில் போட்ட நாற்பத்தாறு மூட்டை. "இந்த ஒரு வருசம் தாண்டிட்டா போதும் பாப்பா, அப்பறம் நான் யாரு மரத்தடிலயும் போயி நிக்க வேண்டாம்" என்றாள். ஐம்பத்து நாலு வயதிலும் அவளுக்கு நான் பாப்பாதான்.

வைகாசியில் ஒரு நாள் காலை ஸ்டோரேஜ் முதலாளி என் கடைக்கு வந்தார். பழைய முதலாளியின் மகன், நாற்பது வயது இருக்கும். அதுவே எனக்கு உறுத்தியது. வழக்கமாக மேனேஜர்தான் அட்டையோடு வருவார். இவர் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ரசீதைத் திருப்பி நான்காவது நிபந்தனையில் விரலை வைத்தார்.

"இதுல ஒரு சைபர் சேத்திருங்க" என்றார்.

"ஐயாயிரமா?"

"ஆமாங்க. கீழ இன்னொரு வரியும் போடுங்க. ஒவ்வொரு ஏப்ரல் மாசமும் மார்க்கெட் வெலைய வெச்சு இந்தத் தொகைய மாத்துவோம்னு. அந்த எடத்த காலியா வுட்டுருங்க, வருசா வருசம் நாங்க சீல் வெச்சுக்கறோம்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். தன் கையிலிருந்து போகிற தொகையைப் பத்து மடங்காக்கச் சொல்லி ஒரு மனிதர் தானே தேடி வருகிறார். அதுவும் ஒரு தடவை இல்லை, வருஷா வருஷம் ஏறுகிற மாதிரி. என் தொழிலில் நான் பார்க்காத அதிசயம்.

"எதுக்குங்க இப்ப?" என்று கேட்டேன்.

"அப்பா காலத்து ரேட்டுங்க. இன்னிக்கி அது நல்லாவா இருக்குது?" என்றார். பிறகு ஒரு கதை சொன்னார். ரிப்பேர் செய்த மோட்டார் ஒன்றைச் சேலத்திலிருந்து பார்சலில் போட்டாராம். தொப்பூர் இறக்கத்தில் லாரி கவிழ்ந்து மோட்டார் சுக்குநூறாகப் போயிற்றாம். பார்சல்காரர் ரசீதைத் திருப்பிக் காட்டி இருநூறு ரூபாயை எண்ணி வைத்தாராம். "போல்ட்டு வாங்கக்கூடப் பத்தாதுங்க. அப்பத்தான் நம்ம ரசீதுல என்ன போட்டிருக்குதுன்னு எடுத்துப் பாத்தேன்" என்றார்.

கதை நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததுதான் தொந்தரவு. தொப்பூரில் லாரி கவிழாத வாரம் உண்டா? யாரும் போய் விசாரிக்க முடியாத இடமாகப் பார்த்து ஒரு கதையைக் கட்டினால் இப்படித்தான் கட்டுவார்கள்.

அவர் சொன்ன மீதி விஷயங்கள் இன்னும் மோசம். பழைய ரசீது வைத்திருப்பவர்கள் ஆனி முடிவதற்குள் நேரில் வந்து மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றும்போது மூட்டை எத்தனை, எடை எவ்வளவு, மதிப்பு எவ்வளவு என்று முன்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மாற்றாதவர்களுக்குப் பழைய நிபந்தனையே செல்லும். மூட்டை வாடகையில் எட்டு ரூபாய் கூடும். எல்லாவற்றையும் அடித்துக் காட்டி, ஒவ்வொரு வரியிலும் அவர் கையெழுத்தை வாங்கிய பிறகுதான் அச்சுக்குப் பிளேட் போட்டேன். அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. காலி இடம் விட்ட காகிதத்தைப் போல எனக்கு ஆகாதது வேறு இல்லை. அந்தக் கோட்டின் மேல் அவர் எதை வேண்டுமானாலும் சீல் வைக்கலாம். ஐயாயிரம் ஏறும் என்று யார் சொன்னது? இறங்கவும் இறங்கலாமே.

அந்த ஒரு வாரத்தில் நான் கட்டிய கணக்குகள் கொஞ்சநஞ்சமல்ல. ஸ்டோரேஜை விற்கப் போகிறார், வாங்குகிறவருக்குக் காட்ட நல்ல காகிதம் தயார் செய்கிறார் என்று ஒரு நாள் தோன்றியது. மறுநாள், எல்லா மூட்டைகளின் மதிப்பையும் எழுதி வாங்கி பேங்கில் காட்டிக் கடன் வாங்கப் போகிறார் என்று தோன்றியது. வாடகையை எட்டு ரூபாய் ஏற்றுவதற்கு இது ஒரு சாக்கு என்பதும் உண்டு. இவை எதுவும் நிலைக்காத ஒரு மத்தியானம், தானே தீ வைத்துவிட்டு இன்சூரன்ஸ் வாங்கப் போகிறார் என்றுகூட நினைத்தேன்.

நேரில் பார்த்துவிடலாம் என்று அக்காவை வரச்சொல்லி, மூட்டையைப் பார்க்க வந்தோம் என்ற சாக்கில் இரண்டு பேரும் போனோம். கனமான கதவைத் தள்ளி, தொங்குகிற பிளாஸ்டிக் பட்டைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போனால் பல் கிட்டியது. அக்கா முந்தானையைப் போர்த்திக்கொண்டு தன் மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். ஒன்றில் விரலை விட்டு ஒரு துணுக்கு எடுத்து என் வாயில் போட்டாள். புளிப்பும் இனிப்புமாக அப்படியே புதுப்புளி. "எப்பிடி சிவப்பு நிக்குது பாத்தியா" என்று பூரித்தாள். நான் புளியைப் பார்க்கவில்லை. வெளியே வரும்போது இரண்டு ஆட்கள் மெஷின் ரூமில் குழாய்களுக்குப் புதுப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. விற்கப் போகிற மாட்டைத்தானே குளிப்பாட்டுவார்கள்.

வழியிலேயே அக்காவிடம் சொல்லிவிட்டேன். "நீ ரசீத மாத்தாத."

"ஏன் பாப்பா? அதிகமாத்தானே தரேங்கறாங்க?"

"அதிகமாத் தரேன்னு எவன் வந்து சொன்னாலும் அங்க ஏதோ இருக்குதுன்னு அர்த்தம். உன்கிட்ட மதிப்பு எழுதிக் கையெழுத்துக் கேக்கறாங்க. நாப்பத்தாறு மூட்டை, ரெண்டு லட்சத்துக்கு மேல சரக்குன்னு நீயே எழுதிக் குடுத்தா அது எங்க எங்க போகுமோ. நாளைக்கு அந்த மாசப் பணம் நின்னுபோச்சுன்னா?"

மாதா மாதம் அரசாங்கம் அவள் கணக்கில் போடும் ஆயிரம் ரூபாயைத்தான் சொன்னேன். வசதி இருக்கிறது என்று தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லாருக்கும் உண்டு. இரண்டு லட்சம் என்று எழுதிய காகிதம் எந்த ஆபீசுக்காவது போய்விட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்டதும் அக்காவின் முகம் மாறிவிட்டது. பத்து மடங்கு என்பது அவளுக்கு மறந்தே போயிற்று.

அதோடு விட்டேனா? பழைய ரசீதின் எழுத்து மங்கிவிடக் கூடாது, அதில் யாரும் எதையும் திருத்திவிடக் கூடாது என்று என் கடையிலேயே அதை லேமினேஷன் செய்து அவள் கையில் கொடுத்தேன். சூடாக வெளியே வந்த ரசீதை அக்கா ஊதி ஊதிப் பையில் வைத்துக்கொண்டாள். ஊருக்குப் போனவள், அந்த ஸ்டோரேஜில் மூட்டை போட்டிருந்த மற்றவர்களிடமும் சொல்லியிருக்கிறாள். அச்சாபீஸ் வைத்திருக்கிற என் தங்கச்சியே சொல்கிறாள், அவளே அடித்த ரசீது, அவளுக்குத் தெரியாததா என்று. அவள் பேச்சைக் கேட்டு இன்னும் பதினோரு பேர் மாற்றவில்லை. இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

ஆனி முடிந்தது. ஆடியில் மேனேஜர் வந்து, வரும் வருஷத்துக்கு முந்நூறு காலண்டர் வேண்டும் என்று ஆர்டர் கொடுத்து முன்பணமும் கொடுத்துவிட்டுப் போனார். இத்தனை சீக்கிரத்தில் யார் காலண்டர் ஆர்டர் கொடுப்பார்கள் என்று அதையும் சந்தேகித்தேன். ஆனால் பணத்தை வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

ஆவணியில் ஸ்டோரேஜின் இரண்டாவது அறையில் மெஷின் நின்றுவிட்டது. தீயும் இல்லை, விற்பனையும் இல்லை. வெறும் ரிப்பேர். உதிரிபாகம் வர ஒன்பது நாள் ஆகிவிட்டது. அதற்குள் குழாயில் உறைந்திருந்த பனியெல்லாம் உருகி மூட்டைகள் மேல் சொட்டியிருக்கிறது. குளிரும் போய், ஈரமும் ஏறி, புளி வேர்த்துக் கறுத்துவிட்டது. சில மூட்டைகளில் பூஞ்சணமே வந்துவிட்டது. அக்காவின் நாற்பத்தாறும் அந்த அறையில்தான்.

செய்தி கேட்டு நான் போனபோது அவள் மூட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் எடுத்தது தார் மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டது. அவள் அழவில்லை. "தொடச்சு வெயில்ல போட்டா கொஞ்சம் தேறுமா பாப்பா?" என்று என்னிடம் கேட்டாள். முப்பது வருஷமாகப் புளி தட்டுகிறவளுக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்?

முதலாளி யாரிடமிருந்தும் ஓடி ஒளியவில்லை. எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். புது ரசீது வைத்திருப்பவர்களுக்கு மூட்டைக்கு ஐயாயிரம். இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கிறது. பழைய ரசீதுக்கு ஐந்நூறு, அது தன் கையிலிருந்து. அப்போதுதான் முழு விஷயமும் எனக்குத் தெரிந்தது. சரக்கின் மதிப்பு ரசீதில் எழுதியிருந்தால்தான் இன்சூரன்ஸ் தருவோம் என்று கம்பெனி சொல்லியிருக்கிறது. அதற்காகத்தான் மதிப்பு, அதற்காகத்தான் கையெழுத்து. கம்பெனியோடு பேச்சு முடியாத நேரம் என்பதால் என் கடையில் அவர் அதைச் சொல்லவில்லையாம். எட்டு ரூபாய் அந்தப் பிரிமியத்துக்கு. காலி இடம் ஏன் என்றால், ஐயாயிரமும் பத்து வருஷத்தில் பழைய ஐந்நூறு மாதிரி ஆகிவிடக் கூடாது என்று. மோட்டார் கதை உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆக என் சந்தேகத்தில் பாதி சரிதான். அவர் தன் லாபத்தைப் பார்த்துத்தான் செய்தார். ஒரு நாள் எல்லா மூட்டையும் கெட்டுப்போனால் ஊரே திரண்டு வாசலில் நிற்கும் என்ற பயத்தில் செய்திருக்கிறார். அவருடைய லாபமும் என் அக்காவின் லாபமும் ஒரே பக்கம் இருக்கக்கூடும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. ஒருவருக்கு லாபம் என்றால் நமக்கு நஷ்டம் என்றே பார்த்துப் பழகிய கண் எனக்கு.

எங்களுக்கும் புது ரேட் போட்டுக் கொடுங்கள் என்று அவரிடம் கெஞ்சினேன். "முடிஞ்சாக் குடுத்திருப்பேங்க. ஆனி கடைசியோட லிஸ்ட்டு கம்பெனிக்குப் போயிருச்சு. இப்ப மாத்தினா ஏமாத்துன்னு சொல்லி எல்லாத்துக்கும் நிறுத்திருவாங்க" என்றார். எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். அவர் லெட்டர்பேடுகூட நான்தான் அடிப்பது. நுகர்வோர் கோர்ட்டில் போடலாம், ஐந்நூறு இந்தக் காலத்துக்கு நியாயமில்லை என்று வாதாடலாம், ஆனால் மாற்றிக்கொள்ள வாய்ப்புக் கொடுத்தும் மாற்றவில்லை என்று அவர்கள் சொல்வார்கள், எப்படியும் வருஷக்கணக்கில் இழுக்கும் என்றார். தீபாவளிக்கு அப்போது ஏழு வாரம்தான் இருந்தது.

ஓசூர்க் கொழுந்தன் காத்திருக்கவில்லை. புளி போன செய்தி அவருக்கு எட்டிய வாரமே வெளியாளிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டார். அண்ணி பாவம், ஆனால் எனக்கும் வீடு பாதியில் நிற்கிறது என்று போனில் சொன்னாராம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புரட்டாசியில் பணம் வாங்க வரச்சொன்ன நாளன்று காலையில் அக்கா என் கடைக்கு வந்தாள். முந்தின நாளே நான் முடிவு செய்திருந்தேன். எங்கள் பேரில் இருந்த டெபாசிட்டை உடைத்து மூட்டைக்கு நாலாயிரத்து ஐந்நூறு வீதம் கணக்குப் போட்டு உறையில் வைத்திருந்தேன். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை தடுக்கவில்லை. அந்த நிலம் போனாலும் வேறு எங்காவது நாலு மரம் வாங்கட்டும் என்று நினைத்தேன். உறையை அவள் மடியில் வைத்தேன்.

அவள் அதைத் தொடவில்லை. "எவ்வளவு?" என்றாள். சொன்னேன்.

"நீ எதுக்குக் குடுக்கற?"

"நான் சொல்லித்தானேக்கா நீ மாத்தாம வுட்ட. என் தப்பு."

"தப்பா யோசன சொன்னதுக்கு யாராச்சும் ரெண்டு லட்சம் குடுப்பாங்களா?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் கோபமாகவும் பேசவில்லை. மூட்டை எண்ணுகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"அந்த மொதலாளி உன் கடைக்கு வந்தாரு. வந்து உக்காந்து பேசினாரு. அப்பறம் நீ என்னைய ஸ்டோரேஜுக்குக் கூட்டிட்டுப் போன. மூட்டையப் பாக்கல, மெஷினத்தான் பாத்த. வர்ற வழிலயே மாத்தாதன்ன. நான் பதினோரு பேருகிட்ட சொன்னேன். அவங்களும் மாத்தல. பழைய சீட்ட யாரும் கை வெக்க முடியாத மாதிரி பிளாஸ்டிக் போட்டு ஒட்டிக் குடுத்த. அடுத்த மாசம் உனக்கு காலண்டர் ஆர்டர் வந்திச்சாம், மேனேஜரு சொன்னாரு. பத்து நாள்ல மெஷினு நின்னுபோச்சு. எங்கூருல எல்லாரும் எங்கிட்டதான் வந்து கேக்கறாங்க. நான் படிக்காதவ. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீயே சொல்லு."

அவள் சொன்ன ஒவ்வொன்றும் நடந்ததுதான். ஒரு வார்த்தை கூட்டவில்லை. வேறு யாராவது ஓர் அச்சகக்காரியைப் பற்றி இதே விவரங்களை என் மேஜையில் கொண்டுவந்து வைத்திருந்தால், கமிஷன் வாங்கியிருக்கிறாள் என்று முதலில் சொல்கிற ஆள் நானாகத்தான் இருப்பேன். சத்தியம் செய்கிறேன் என்று வாயெடுத்தேன். சத்தியம் செய்கிறவர்களை நான் ஒருநாளும் நம்பியதில்லை என்பதும் அந்த நிமிஷமே தெரிந்தது. அடக்கிக்கொண்டேன்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று உறையை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தாள். நானும் கூடவே போனேன். டவுன் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்தோம். இறங்கும்வரை அவள் ஜன்னலைவிட்டுத் திரும்பவில்லை.

ஸ்டோரேஜ் ஆபீசில் மேனேஜர் இருபத்து மூவாயிரத்தை எண்ணி வைத்தார். லேமினேஷன் செய்த ரசீதில் சீலும் பிடிக்கவில்லை, பேனாவும் எழுதவில்லை. ஓரத்தைக் கத்தரித்து உரிக்கப் பார்த்து, முடியாமல், அதை அப்படியே ஒரு உறையில் போட்டு ஒட்டினார். அதற்குப் பதிலாக ஒரு வவுச்சர் எழுதி, முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாத்தியதையும் இல்லை என்று அக்காவிடம் கையெழுத்து வாங்கினார். அவள் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அழுத்தி எழுதினாள்.

"சாட்சி ஒண்ணு வேணுங்க" என்றார் மேனேஜர். என்னைப் பார்த்துச் சிரித்து, வவுச்சரை என் பக்கம் நகர்த்தினார். "தங்கச்சியே கூட வந்திருக்காங்களே, அப்பறம் என்ன. போட்டுருங்கம்மா."

நான் பையிலிருந்து பேனாவை எடுத்துத் திறந்தேன்.

அக்கா பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டே, என்னைப் பார்க்காமல், மேனேஜரிடம் சொன்னாள்: "அவங்க வேண்டாங்க. வேற யாரையாச்சும் போடச் சொல்லுங்க."

மேனேஜர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வெளியே குரல் கொடுத்தார். எடை போடுகிற ஆள் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து, எங்கே என்று கேட்டு, அக்காவின் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.